மயக்க மருந்துத் தெரிவும் சமுதாயத் தேவையும்

'மயக்கம்' எனும் சொல் தமிழிலக்கண மரபிலே கலத்தல் எனவும் பொருள்படும். திணைமயக்கம் என்னும் வழக்கு அதற்குச் சான்றாகும். மருத்துவத்திலோ, ஒன்றோடொன்று கலந்து நிற்கும் உணர்வுநிலைகளை வேறுபடுத்தி அறிதலே முதற்பணியாகின்றது. இலேசான தணிப்பு, நடுத்தரத் தணிப்பு, ஆழ்ந்த தணிப்பு, முழு உணர்விழப்பு என்பன ஒரே தொடர்ச்சியின் படிகளேயாம். மருந்தின் அளவு சிறிது கூடினும் நோயாளர் ஒரு படியினின்று அடுத்ததற்குச் சென்றுவிடுவர். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் எனும் இயங்கியல் உண்மையை இங்கு கண்கூடாகக் காணலாம்.

கண்புரை அகற்றல், குடல் அகநோக்கல் முதலியவற்றின்போது நோயாளர் பெரும்பாலும் தாமாகவே சுவாசிக்க, மயக்க மருத்துவர் அருகிருந்து சுவாசம், குருதியமுக்கம், நாடித்துடிப்பு, ஒட்சிசன் செறிவு ஆகியவற்றை இடையறாது அவதானிப்பார். வேண்டியவிடத்து முழு மயக்கத்துக்கு மாறவும் அவர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இதுவே கண்காணிப்பு மயக்க மருத்துவம் எனப்படுவது.

இதில் வழங்கும் மருந்துகளை ஒப்புநோக்குவோம். மிடசோலம் பதற்றத்தைத் தணித்து நினைவை மறைக்கும், நோவைப் போக்காது. அதன் விளைவை நீக்கப் புளுமசெனில் உண்டு. 1986இல் பிரித்தானியாவிற் பயன்பாட்டுக்கு வந்த புரொப்போபோல் விரைந்து துயிலூட்டும், விரைந்து தெளிவிக்கும். ஆயின் அது சுவாசத்தையும் குருதியமுக்கத்தையும் தாழ்த்தும். மாற்று மருந்தும் அதற்கில்லை. டெக்ஸ்மெடிற்றோமிடீன் சுவாசத்தைப் பெரிதும் பாதியாதெனினும் நாடித்துடிப்பைக் குறைக்கும், மெல்லவே செயற்படும். 1962இல் ஆக்கப்பெற்ற கெற்றமைன் நோவைப் போக்குவதோடு சுவாசத்தையும் பெரும்பாலும் காக்கும். குருதியமுக்கத்தை உயர்த்துதலும் மாயத்தோற்றம் விளைத்தலும் அதன் குறைகள்.

எனவே சிறந்த மருந்து யாது எனும் வினா பொருளற்றது. எவர்க்கு, எச்சிகிச்சைக்கு, எத்தகைய வசதிகளிடையே என்பதே உரிய வினாவாகும்.

வசதி என்னுமிடத்து இது சமுதாய வினாவுமாகின்றது. ஒட்சிசனும் கருவிகளும் போதாத மருத்துவமனைகளிலே கெற்றமைனே சத்திரசிகிச்சைக்கு ஆதாரமாய் நிற்கின்றது. தவறான பாவனை கருதி அதனைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குட்படுத்தும் யோசனை எழுந்தபோது, 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதற்கு உடன்படாமைக்கும் இதுவே காரணம்.

ஈழநாட்டார்க்கு இச்சிந்தனை புதிதன்று. 1971இல் நிறுவப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயரையன்றி மக்கள் தேவையையே மருந்துத் தெரிவின் அளவுகோலாகக் கொண்டார். ஒரு மருந்து மாத்திரமே கையிருப்பிலுள்ள இடத்தில் மருத்துவரின் தெரிவு பெயரளவினதே. ஆதலின் நோயாளரின் படுக்கையருகே நிகழும் தெரிவையும் நாட்டின் மருந்துக் கொள்கையையும் பிரித்து நோக்குதல் பொருந்தாது எனக் கருதுகின்றோம்.