செல்ஃப் அடிச்சாலும் ஸ்டார்ட் ஆகாத ஏ.டி.வி... கடுங்குளிரில் வண்டிக்கு என்னதான் ஆகுது? என்ன செய்யணும்?

லடாக்கின் லே நகரில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். முந்தைய நாள் மாலை வரை ஜோராக ஓடிய ஏ.டி.வி. வண்டி, காலையில் செல்ஃப் அடித்தால் லேசாக முனகிவிட்டு அடங்கிவிடும். ஊருக்கு வெளியே என்றால் பக்கத்தில் மெக்கானிக் இருக்க மாட்டார், பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. அந்தக் குளிரில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த நேரத்தில் பலரும் பதற்றத்தில் பட்டனை விடாமல் அமுக்குவார்கள். ஆனால், காலையில் வண்டி கிளம்புமா, கிளம்பாதா என்பது பெரும்பாலும் முந்தைய இரவே முடிவாகிவிடுகிறது. எப்படி? பார்க்கலாம்.

ஏ.டி.வி. என்றால் என்ன?

'ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்' என்பதன் சுருக்கம்தான் ஏ.டி.வி. பைக் போல ஹேண்டில்பார், அகலமான நான்கு டயர்கள். மணல், சேறு, பனி என எதிலும் ஓடும். மணாலி அருகே சோலாங் பள்ளத்தாக்கு, லடாக்கின் நூப்ரா பகுதிகளில் சுற்றுலாப் பயணிகள் ஓட்டிப் பார்க்கும் வண்டி இதுதான்.

குளிரில் வண்டிக்கு என்ன ஆகுது?

மூன்று பிரச்சினைகள் ஒரே நேரத்தில் வருகின்றன.

முதலாவது, பேட்டரி. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிர் கூடக்கூட அதன் வேகம் குறையும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 0 டிகிரியில் தன் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கு மேல் போய்விடும்.

இரண்டாவது, இன்ஜின் ஆயில். குளிரில் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். அதனால் இன்ஜினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிக பலம் தேவை. பேட்டரி பலம் இழந்து நிற்கும் நேரத்தில்தான் அதற்கு வேலையும் கூடுகிறது.

மூன்றாவது, பெட்ரோல். பெட்ரோல் உறைந்துவிடாது. ஆனால், திரவமாக இருக்கும் பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் தீப்பிடிக்கும். குளிரில் அது சரியாக ஆவியாகாது. போதாக்குறைக்கு, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய கார்புரேட்டர் வண்டிகள் இந்த உயரத்தில் இன்னும் திணறும்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்!

* 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ்.
* இன்ஜின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால், பேட்டரி வீக், அல்லது ஆயில் கெட்டி.
* நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் பிளக்கில் கோளாறு.

முந்தைய இரவே செய்ய வேண்டியவை

* பேட்டரியை முழு சார்ஜில் வையுங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். சார்ஜ் முழுசாக இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்து வெடிப்பு விடக்கூடும்.
* கடுங்குளிர் இரவுகளில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.
* ஆயில் டப்பாவில் '10டபிள்யூ-40' என்பது போல எழுதியிருக்கும். அந்த 'டபிள்யூ' விண்டரைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரிலும் ஆயில் இளகி ஓடும். எந்த ஆயில் போடலாம் என்பதை வண்டியின் மேனுவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.
* டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி காலியான டேங்கில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.
* வண்டியைக் கழுவியிருந்தால் ஈரத்தோடு நிறுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டர் கேபிளிலும் பிரேக்கிலும் ஈரம் உறைந்துவிடும்.

காலையில் எப்படி ஸ்டார்ட் பண்ணணும்?

1. ஆக்சிலரேட்டரை அமுக்கி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறதா? திரும்பாவிட்டால் கேபிள் உறைந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. வண்டி கிளம்பியதும் பிடித்து நிறுத்த முடியாமல் போகும்.
2. கியர் நியூட்ரலில் அல்லது பார்க்கில் இருக்கட்டும். ஹெட்லைட்டை அணைக்க முடிந்தால் அணையுங்கள்.
3. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவியை ஆன் செய்து 2, 3 விநாடிகள் காத்திருங்கள். பம்ப் பெட்ரோலைத் தயார் செய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டி என்றால் சோக்கை முழுவதும் இழுங்கள், ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள்.
4. செல்ஃபை 5 விநாடிக்கு மேல் அமுக்க வேண்டாம். பிடிக்கவில்லையா? அரை நிமிடமாவது விட்டு மறுபடி முயலுங்கள். இந்த இடைவெளியில் பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடாகிக் கருகாது.
5. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் 'ஓவர்ஃப்ளோ' ஆகிவிட்டது என்று அர்த்தம். சில நிமிடங்கள் அப்படியே விடுங்கள். தேவைப்பட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.
6. ஸ்டார்ட் ஆனதும் உடனே முறுக்காதீர்கள். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர சில நிமிடங்கள் கொடுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க!

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வந்த பிறகு வெளியே வர நேரமிருக்காது.

உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் போடுவதோ, ஜம்ப் ஸ்டார்ட் செய்வதோ வெடிப்பில் முடியலாம். முதலில் அது இயல்பான வெப்பநிலைக்கு வர வேண்டும். உள்ளே உறைந்து பக்கவாட்டில் உப்பியிருந்தால் அந்த பேட்டரியை மாற்றுவதே ஒரே வழி. லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகப் பாழாகும்.

இன்ஜினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றும் பழக்கமும் ஆபத்தானது. ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்தாலும் வண்டியே எரிந்துவிடும்.

டீசல் வண்டிகளுக்கு?

டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். இதனால்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழக்காத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

ஊட்டியில் பைக் ஓட்டுறவங்களுக்கும் இது பொருந்துமா?

கண்டிப்பாக. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் ஊட்டியிலும் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டிப் போகும். லடாக் அளவுக்குக் குளிர் இல்லாவிட்டாலும், மூன்று, நான்கு வருடம் ஓடிய பேட்டரி படுத்துக்கொள்ள அதுவே போதும். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய் வந்தால் பேட்டரியில் செலவான சார்ஜ் திரும்ப ஏறாது. குளிர்காலத்தில் வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் வண்டியை ஓட்டுங்கள். பேட்டரி பழையது என்றால், பனி விழத் தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.