ஜப்பானிய மொழி ஆசிரியரும் இணையத் துணையும்

அயல்மொழி ஒன்றைக் கற்பிப்பவர்க்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, பாடம் நடத்துவதற்கான பொருள். மற்றொன்று, தாம் சொல்லிக் கொடுத்தது சரிதானா என்று கேட்டுத் தெளிய ஓர் ஆள். ஜப்பானில் இருந்து கற்பிப்பவர்க்கு இரண்டாவது ஒரு பொருட்டே அன்று. பக்கத்து வீட்டாரைக் கேட்டாலே போதும். கடல் கடந்த ஊர்களில் கற்பிப்பவரோ அம்மொழி அறிந்த மற்றொருவரைக் காண்பதே அரிது. இக்குறையை இணையம் எவ்வளவு தூரம் தீர்த்திருக்கிறது, எங்கே தீர்க்கவில்லை என்பதை, அம்மொழியைச் சில ஆண்டுகளாகப் பயின்று வருபவன் என்ற முறையில் இங்கே கூற விழைகிறேன்.

அகராதியிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜிம் பிரீன் என்பார் 1991இல் ஜப்பானிய-ஆங்கிலச் சொற்கோப்பு ஒன்றைத் தொடங்கினார். வியப்பு என்னவெனில், அவர் கணிப்பொறித் துறையைச் சேர்ந்தவர். ‘எடிக்ட்’ என்ற பெயரில் சிறிய அளவில் எழுந்த அக்கோப்பு, இன்று ‘ஜேஎம்டிக்ட்’ என்னும் பெயரில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு வளர்ந்து நிற்கிறது. கைப்பேசியில் நாம் பார்க்கும் ஜப்பானிய அகராதிகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை. புதிய சொல்லையோ திருத்தத்தையோ யாரும் அனுப்பலாம். ஆயினும் பதிப்பாசிரியர்கள் பார்த்து ஒப்பிய பின்னரே அது ஏறும். இந்தக் கட்டுப்பாடுதான் அதன் பெருமை என்பது என் கருத்து.

கட்டுப்பாடு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் ஜப்பானிய மொழியிலேயே சான்று உண்டு. ஹ்யோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யாசுஹிதோ தானகா தம் மாணவர் ஒவ்வொருவரிடமும், ஜப்பானிய வாக்கியமும் அதன் ஆங்கில வடிவமுமாக 300 இணைகளைத் திரட்டி வரும்படி பணித்தார். பல ஆண்டுகளில் ஏறத்தாழ 2,12,000 இணைகள் சேர்ந்தன. 2001இல் அவர் அவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார். எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குத் தவித்த ஆசிரியர்கட்கு அது பெரும் புதையலாயிற்று. ஆனால் 300 வாக்கியங்களை எண்ணி முடிக்க வேண்டிய மாணவன் எப்படி முடிப்பான் என்பது நமக்குத் தெரியாததா? ஒரே வாக்கியம் பலமுறை வந்தது. தட்டச்சுப் பிழைகள் மலிந்தன. ஜப்பானியர் எவரும் பேசாத ஜப்பானியமும், ஆங்கிலேயர் எவரும் பேசாத ஆங்கிலமும் அதில் கலந்திருந்தன. பிரீனும் தன்னார்வத் தொண்டர்களும் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து களையெடுத்தனர். பின்னர் அத்தொகுப்பு ‘ததோபா’ என்ற பன்மொழி வாக்கியக் களஞ்சியத்தில் சேர்ந்தது. ததோபா என்றால் ஜப்பானிய மொழியில் ‘எடுத்துக்காட்டாக’ என்று பொருள்.

அக்களஞ்சியத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரியவர் பெயர் காட்டப்படுகிறது. உரியவர் இல்லாத அநாதை வாக்கியங்களும் உள்ளன. ஜப்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பொறுப்பேற்ற வாக்கியத்தை மட்டுமே கரும்பலகைக்குக் கொண்டு செல்வது நலம். பார்க்க ஒரு நொடிதான் ஆகும். பாராமல் எழுதிப் போட்டுவிட்டால் முப்பது மாணவர் நெஞ்சில் அது பதிந்துவிடும்.

அகராதி காட்டும் பொருளும் வழக்கும் வேறுபடும் இடங்களும் உண்டு. ‘மாத்திரை சாப்பிட்டேன்’ என்று நாம் சொல்கிறோம். சாப்பிடுதல் ‘தபேரு’, மருந்து ‘குசுரி’. ஆகவே ‘குசுரி ஓ தபேரு’ என்று தமிழ் மாணவன் எழுதினால் அது அவன் அறிவுக்குப் பொருத்தமானதே. ஆனால் ஜப்பானியர் விழுங்கும் மாத்திரைக்கும் ‘குசுரி ஓ நோமு’, அஃதாவது ‘மருந்து குடி’ என்றே சொல்வர். இத்தகைய ஐயங்களைத் தீர்க்க வல்லது ஜப்பானியத் தேசிய மொழி ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பு. நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள் முதலியவற்றிலிருந்து 10 கோடிக்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டி 2011இல் அந்நிறுவனம் அதனை வெளியிட்டது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடி வருகிறது என்பதற்கு இது நேர்ச்சான்று.

ஒலிப்போ இன்னும் நுட்பமானது. ‘ஹஷி’ என்பதில் முதலெழுத்தை உயர்த்திச் சொன்னால் உணவு உண்ணும் குச்சி. இரண்டாவதை உயர்த்தினால் பாலம். இது டோக்கியோ வழக்கு. ஒஸாகாவில் ஏறக்குறையத் தலைகீழ்! வினைச்சொற்களில் ஏற்ற இறக்கம் இடமும் மாறும். ‘யோமு’ என்பதில் உயர்வது ‘யோ’. ‘யோமிமாஸ்’ என்று பணிவாகச் சொல்லும்போது இறக்கம் ‘மா’வுக்குப் பின் வரும். பாடநூல்கள் பல இதனைத் தொடாமலே விடுகின்றன. டோக்கியோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இணைய ஒலிப்பு அகராதி இவ்வடிவங்களைக் கோடிட்டுக் காட்டி, ஒலியாகவும் கேட்பிக்கிறது. தாய்மொழியாளர் அருகில் இல்லாத ஆசிரியர்க்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பேன்.

பாடநூலுக்கு இப்போது பஞ்சமில்லை. 1972இல் நிறுவப்பெற்ற ஜப்பான் பவுண்டேஷன், 2002இல் ஆசிரியர்கள் பாடப்பொருளைப் பகிர்ந்துகொள்ள ஓர் இணையத்தளம் தொடங்கியது. 2020இல் ‘இரோதோரி’ என்னும் பாடநூலை ஒலிப்பதிவோடு இலவசமாக வெளியிட்டது.

தேர்வு பற்றி ஓர் எச்சரிக்கை. சென்னையிலும் நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010இல் அதன் நான்கு நிலைகள் ஐந்தாயின. அதற்கு முன் எந்நிலைக்கு எச்சொற்கள் என்ற பட்டியல் நூலாகவே கிடைத்தது. 2010க்குப் பின் நடத்துவோர் அத்தகைய பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. ‘ஐந்தாம் நிலைச் சொற்கள்’ என்று இணையத்தில் உலவுபவை எல்லாம் பழைய பட்டியலையும் பழைய வினாத்தாள்களையும் கொண்டு பிறர் கணித்தவையே. பயிற்சிக்கு ஆகும், அதனையே வேதமாகக் கொண்டு பாடத்திட்டம் வகுக்கலாகாது.

படிக்கக் கொடுப்பதற்கு ‘எளிய ஜப்பானியம்’ என்ற நடை உண்டு. இதன் பிறப்புத் துயரமானது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது அங்கு வாழ்ந்த அயல்நாட்டார் பலர் அறிவிப்புகள் விளங்காமல் இடருற்றனர். அதன் பின்னரே, ‘ஹினான்’ என்ற கடுஞ்சொல்லை விடுத்து ‘நிகேரு’, அஃதாவது ‘தப்பி ஓடு’ என்று சொல்லும் முயற்சி வலுப்பெற்றது. 2012இல் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் இந்நடையில் செய்திகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. எழுத்தின் மேல் ஒலிப்புக் குறியும், அருஞ்சொல்லுக்கு விளக்கமும் சேர்ந்த அச்செய்திகள் வகுப்பறைக்கு நன்கு பொருந்தின.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நாம் ஆங்கிலத்தின் வழியே அணுகுகிறோம். ‘ஹோன் ஓ யோமு’ என்பது சொல்லுக்குச் சொல் ‘புத்தகத்தைப் படி’ என்பதுதான். ‘ஓ’ நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது. இரண்டாம் வேற்றுமை அறிந்த மாணவனுக்கு ஒரு வரியில் முடியும் செய்தி, ஆங்கில விளக்கத்தில் அரைப்பக்கம் ஆகிறது. பிரீன் தொடங்கிய கோப்பில் ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், டச்சு, ஹங்கேரியன் முதலிய மொழிகளில் பொருள் சேர்ந்துள்ளது, தமிழ் சேரவில்லை. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடுவதானால் அக்கோப்பை எவரும் இறக்கிக்கொண்டு தம் மொழியில் பொருள் எழுதிச் சேர்க்கலாம், கட்டணம் ஏதுமில்லை.