மோட்டார் வண்டியின் வலிமை: மூவகை விரைவுக் கார்கள்

மோட்டார் வண்டிகளில் பெருவிருப்பம் கொண்டோர் பல நாடுகளிலும் உள்ளனர். அவர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வாதம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் தோன்றிய 'மஸில் கார்', பெரும்பாலும் ஜப்பானிய வண்டிகளைத் திருத்தி அமைக்கும் 'டியூனர் கார்', இத்தாலி முதலிய நாடுகளில் சிறு எண்ணிக்கையில் கட்டப்படும் 'எக்ஸாட்டிக் கார்' ஆகிய மூன்றனுள் எது சிறந்தது என்பதே அவ்வாதம். முதற்பெயர் தசை வலிமையைக் குறிப்பது. இரண்டாவது, வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல் எஞ்சினைச் சீர்படுத்துவோரால் வந்த பெயர். மூன்றாவது, எளிதிற் கிட்டாத அயல்நாட்டு அருமைப் பொருள் என்னும் கருத்துடையது.

இம்மூன்றும் வெவ்வேறு சூழ்நிலைகளில் தோன்றியவை. எனினும் இவற்றை ஆளும் பௌதிக விதிகள் ஒன்றே. அவ்விதிகளை அறிந்துகொண்டால் மூன்றையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடலாம். வண்டியின் வேகத்தை மிகுவிக்கும் ஆவல் இளைஞரிடையே பரவியுள்ள இந்நாளில், அதன் விளைவு யாது என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

எஞ்சினும் காற்றும்

பெட்ரோல் எஞ்சினின் வலிமை, அது ஒரு நிமிஷத்தில் எரிக்கும் பெட்ரோலின் அளவைப் பெரிதும் பொறுத்தது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் காற்றின் எடையோ சுமார் 1.2 கிராமே. ஆகவே எஞ்சினுக்குள் பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. அதற்கு ஈடான காற்றைச் செலுத்துவதே கடினம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை உள்ளிழுக்கிறது. எனவே காற்றின் அளவை மிகுவிக்க மூன்று வழிகளே உள்ளன. சிலிண்டர்களைப் பெரிதாக்கலாம்; எஞ்சினை மிகுந்த வேகத்தில் சுழலச் செய்யலாம்; அல்லது காற்றை அழுத்தி அடர்த்தியாக்கி உட்செலுத்தலாம். மூவகைக் கார்களின் வேறுபாடு இங்கிருந்தே தொடங்குகிறது.

மஸில் கார்

1960-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. நெடுஞ்சாலைகள் நேராகவும் அகலமாகவும் இருந்தன. அங்குள்ள தொழிற்சாலைகள் பெரிய குடும்பக் கார்களுக்கென எட்டு சிலிண்டர் எஞ்சின்களை ஏராளமாகச் செய்துவந்தன. அவ்வெஞ்சினை நடுத்தர அளவுள்ள வண்டியொன்றிற் பொருத்தினால் குறைந்த செலவில் மிகுந்த விரைவு கிட்டும். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இம்முறையில் அமைந்ததே. அதன் எஞ்சினின் கொள்ளளவு 6.4 லிட்டர், சாதாரண அமைப்பில் வலிமை 325 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் தூரத்தை விரைவிற் கடக்கும் பந்தயத்திற்கு இத்தகைய வண்டிகள் பேர்போனவை.

ஆனால் அந்நாளில் அறிவிக்கப்பட்ட குதிரைத்திறனை அப்படியே ஏற்பதற்கில்லை. காற்று வடிகட்டி, புகைப்போக்கி முதலியவற்றின் தடை இல்லாமல், எஞ்சினைத் தனியே சோதனைமேடையில் நிறுத்தி அளந்த அளவு அது. 1972-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் வண்டியில் பொருத்திய நிலைக்கு ஒத்த அளவையே அறிவிக்கலாயின. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும், உயர்ந்துகொண்டே சென்ற இன்ஷ்யூரன்ஸ் கட்டணமும், 1973-இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து மஸில் கார்களின் முதற்காலத்தை முடித்துவைத்தன.

டியூனர் கார்

ஜப்பானின் சூழ்நிலை வேறு. அங்கே எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து வண்டி வரி விதிக்கப்படுகிறது. எரிபொருளும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஆகவே ஜப்பானியப் பொறியியலார் சிறிய எஞ்சினிலிருந்து மிகுந்த வலிமை பெறும் வழிகளை நாடினர்.

1989-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் இன்டெக்ரா என்னும் காரில் 'விடெக்' என்னும் அமைப்பைப் புகுத்தியது. எஞ்சின் மெல்லச் சுழலும்போது வால்வுகள் குறைவாகவும், விரைந்து சுழலும்போது மிகுதியாகவும் திறக்குமாறு செய்வது இவ்வமைப்பு. இதனால் 1.6 லிட்டர் எஞ்சின், நிமிஷத்திற்கு 7,600 சுற்றில் 160 குதிரைத்திறன் தந்தது.

அதே ஆண்டில் வெளிவந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். மூன்றாம் வழியை மேற்கொண்டது. வீணாக வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் புதுக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இதுவே டர்போசார்ஜர். ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்ஃபிரட் பூஹி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஸ்கைலைனின் 2.57 லிட்டர் எஞ்சின் இரண்டு டர்போசார்ஜர்களின் உதவியால் 280 குதிரைத்திறன் தந்தது. எந்தக் காரும் இவ்வெல்லையைத் தாண்டலாகாது என்று ஜப்பானியத் தொழிற்சாலைகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு 2004 வரை நீடித்தது. எஞ்சினின் உறுப்புகளோ பந்தயத்தின் கடுமையைத் தாங்கும் உறுதி பெற்றிருந்தன. ஆகவே காற்றின் அழுத்தத்தைச் சிறிது கூட்டியே வலிமையை மிகுவிக்கத் திருத்துவோரால் முடிந்தது. 2001-இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' என்னும் திரைப்படம் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது.

இதில் ஓர் இடர் உண்டு. சைக்கிள் பம்பினால் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பகுதி சூடாவதை எல்லோரும் அறிவர். அழுத்தப்பட்ட காற்று அவ்வாறே சூடாகிறது. சூடு மிகுந்தால், தீப்பொறியால் தொடங்கிய எரிதல் சிலிண்டர் முழுவதும் பரவுமுன், எஞ்சியுள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். இதைத் 'தட்டல்' என்பர். தொடர்ந்த தட்டல் பிஸ்டனையே உடைத்துவிடும். இதனாற்றான் டர்போசார்ஜருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றைக் குளிர்விக்கும் கருவி வைக்கப்படுகிறது. அழுத்தத்தை மட்டும் கூட்டி இவ்வேற்பாட்டைப் புறக்கணித்தவரின் எஞ்சின் நெடுநாள் உழைப்பதில்லை.

எக்ஸாட்டிக் கார்

எக்ஸாட்டிக் காரைக் கட்டுவோர் எஞ்சினின் வலிமையோடு, வண்டியின் எடையையும் அது தாங்கப்படும் இடத்தையும் கருத்திற் கொள்கின்றனர். 1966-ஆம் ஆண்டில் வெளிவந்த லம்போர்கினி மியூராவில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்பாகக் குறுக்கே வைக்கப்பட்டது.

இதன் பயனைக் காவடித் தண்டைக் கொண்டு விளக்கலாம். இருமுனையிலும் சுமை தொங்கும் தண்டைத் தோளில் தாங்கியவர் சட்டெனத் திரும்ப முடியாது. அதே சுமையைத் தோளருகே கொண்டுவந்தால் எளிதில் திரும்பலாம். கனத்த எஞ்சின் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகில் இருக்குமாயின் வளைவுகளில் வண்டி விரைந்து திரும்பும். மேலும், உந்தும் பின்சக்கரங்களின்மேல் எடை மிகுதியாகப் படிவதால் புறப்படும்போது அவை வீணே சுழல்வதில்லை. எஞ்சின் முன்னால் உள்ள மஸில் கார்களில் டயர் புகைய, பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதன் காரணமும் இதனால் விளங்கும்.

1987-ஆம் ஆண்டின் ஃபெராரி எஃப்-40 காரில் 2.94 லிட்டர் எஞ்சினும் இரண்டு டர்போசார்ஜர்களும் இருந்தன; வலிமை 478 குதிரைத்திறன். எண்ணெய், நீர் முதலியன நிரப்பாத நிலையில் அதன் எடை சுமார் 1,100 கிலோகிராமே. ஸ்கைலைனின் எடை 1,430 கிலோகிராம். பந்தய வண்டிகளுக்குரிய கரியிழைப் பொருள்களைக் கையாண்டதால் எடை குறைந்தது. விலையோ பன்மடங்கு உயர்ந்தது.

ஒரு கணக்கு

இந்நான்கு எஞ்சின்களும் ஒரு நிமிஷத்தில் எவ்வளவு காற்றை உட்கொள்ளும் என்று வகுப்பிலேயே கணக்கிடலாம். சுற்றின் எண்ணிக்கையில் பாதியைக் கொள்ளளவால் பெருக்கினால் போதும். ஜி.டி.ஓ. 4,800 சுற்றில் உச்ச வலிமை தந்தது. 2,400-ஐ 6.4-ஆல் பெருக்க 15,360 லிட்டர் வரும். இவ்வாறே இன்டெக்ராவுக்குச் சுமார் 6,100 லிட்டரும், 6,800 சுற்றில் உச்சம் எய்தும் ஸ்கைலைனுக்குச் சுமார் 8,700 லிட்டரும், 7,000 சுற்றில் எய்தும் எஃப்-40-க்குச் சுமார் 10,300 லிட்டரும் வரும்.

இனி ஒவ்வொன்றின் குதிரைத்திறனையும் ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கலாம். ஜி.டி.ஓ. 21, இன்டெக்ரா 26, ஸ்கைலைன் 32, எஃப்-40 சுமார் 46 என்று விடை கிடைக்கும். பின்னிரண்டின் எண் உயர்ந்திருப்பதற்குக் காரணம், அவை உட்கொண்ட ஒவ்வொரு லிட்டரும் டர்போசார்ஜரால் அடர்த்தியாக்கப்பட்ட காற்று என்பதே. அமெரிக்கக் குதிரைத்திறனுக்கும் மெட்ரிக் குதிரைத்திறனுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவாதலால் இங்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே மஸில் கார் காற்றின் அளவாலும், டியூனர் கார் சுழற்சியாலும் அடர்த்தியாலும், எக்ஸாட்டிக் கார் இவற்றோடு எடைக் குறைவாலும் விரைவு பெறுகின்றன எனலாம்.

விரைவும் நிறுத்தமும்

வலிமையை மட்டும் ஒப்பிட்டு முடிவு கூறுவது அபாயமானது. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்து வளர்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில், உராய்வுக் கெழு 0.8 எனக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி பிரேக் பிடித்தபின் 18 மீட்டரில் நிற்கும். 120 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 71 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் இடரை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி செல்லுமாயின் மொத்தத் தூரம் முறையே 35, 104 மீட்டர் ஆகிவிடும். எஞ்சினின் வலிமை எவ்வளவாயினும் இக்கணக்கு மாறாது.

ஒன்றரை டன் வண்டியை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக்குகளில் பிறக்கும் வெப்பம், 20 டிகிரியிலுள்ள இரண்டரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 1964-ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. வெப்பம் எளிதில் வெளியேறாமையால் அடுத்தடுத்துப் பிடிக்குங்கால் அவை பிடிப்பை இழக்கும். எஞ்சினை மட்டும் திருத்தி, பிரேக்கையும் டயரையும் முன்போலவே விட்டுவிடும் டியூனர் காரும் இதே குறைக்கு உள்ளாகிறது.

இந்தியாவில் இது சட்டத்தைச் சார்ந்ததும் ஆகும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விரைவுப் பந்தயத்திற்கெனச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலும் தனி ஓடுதளங்கள் அமைந்துள்ளன. பொதுச் சாலை அதற்குரிய இடமன்று.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளி மைதானத்தில் சைக்கிளைக் கொண்டு விளக்கலாம். தரையில் ஒரு கோடிட்டு, மாணவன் ஒருவனை மெல்ல ஓட்டிவந்து கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்கச் செய்து, நின்ற தூரத்தை அளக்க வேண்டும். பின்னர் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வரச் செய்து மீண்டும் அளக்க வேண்டும். வேகத்தை அறிய, கோட்டுக்கு முன்னுள்ள பத்து மீட்டரைக் கடக்கும் விநாடிகளை எண்ணினால் போதும். இரண்டாம் தூரம் முதல் தூரத்தின் நான்கு மடங்கை நெருங்குவதை மாணவர்கள் தாமே அளந்து காண்பர்.