எழுத்தின் அழகும் கண்ணின் ஆறுதலும்

எழுத்தின் அழகு இருதிறத்தது. நோக்குந்தோறும் இன்பந் தருவது ஒன்று. தன்னை மறக்கச் செய்து பொருளிடம் நம்மைக் கொண்டு சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் ஓரிடத்தே பொருந்துதல் அரிது. பொருந்தாவிடத்து எதனைக் கொள்வது? நூலும் சஞ்சிகையும் பதிப்பிப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா இது. போதோனி எழுத்தின் வரலாறு இதற்கு நல்ல விளக்கமாகும்.

ஜியாம்பத்திஸ்தா போதோனி 1740ஆம் ஆண்டில் இத்தாலியின் சலூட்சோ நகரிலே அச்சுத்தொழிற் குடும்பமொன்றிற் பிறந்தார். உரோமாபுரியில் தொழில் பயின்று, 1768இல் பார்மாக் கோமகனின் அச்சுக்கூடத்துக்குத் தலைவரானார். அவர் செதுக்கிய உரோம எழுத்துக்களில் நிமிர்ந்த கோடு தூண்போலத் தடித்து நிற்கும். அதனோடு சேருங் கோடோ மயிரிழையென மெலிந்து செல்லும். நுனியிலும் அடியிலும் உள்ள சிறு குறுக்குக் கோடுகளும் அவ்வாறே மெல்லியன. கருமையும் வெண்மையும் இங்ஙனம் எதிர்நின்று ஒளிர்வதே அவ்வெழுத்தின் வனப்பு. பாரிஸ் நகரத்துத் தீதோ குடும்பத்தாரும் அக்காலத்தே இவ்வகை எழுத்தை ஆக்கினர்.

போதோனி 1813இல் மறைந்தார். அவருடைய எழுத்து மாதிரிகளை 1818இல் அவர் மனைவியார் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதன் முன்னுரையிலே எழுத்தின் அழகுக்கு ஒழுங்கு, துப்புரவு, நல்லிரசனை, நயம் என நான்கினைப் போதோனி வகுத்துள்ளார். நூலுக்குப் பத்து அழகு கூறிய நன்னூலைக் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று. இடனறிதலை ஐந்தாவதாகச் சேர்த்தல் வேண்டும் என்பது என் கருத்து.

காரணங் கூறுவேன். மென்கோடு நிலைபெற வழுவழுப்பான கடதாசியும் சீரிய மையும் வேண்டும். சொரசொரப்பான கடதாசியில் அது அறுந்துபோம். அன்றேல் மை ஊறித் தடித்துவிடும். சிறிய அளவிலே மென்கோடுகள் கண்ணுக்கு மறைய, தடித்த கோடுகள் மட்டும் வேலிக் கதியால்போல நிரைநிரையாய் நிற்கும்.

இதனை உணர்ந்தே போதோனி காலத்தவர் அளவுதோறும் எழுத்தைத் தனித்தனி செதுக்கினர். அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் பஸார் சஞ்சிகை 1992இல் தன் தோற்றத்தைப் புதுக்கியபோது, ஜொனதன் ஹோஃப்லர் அதற்கெனத் தீதோ வழியில் ஓரெழுத்தை அமைத்தார். ஏழு அளவுகளுக்கு ஏழு வேறாக அதனை வரைந்தார். பெருந்தலைப்புக்கு உரியதில் மென்கோடு மிக மெலிந்திருக்கும். சிற்றெழுத்துக்கு உரியதில் சற்றே தடித்திருக்கும். அவ்வவ் அளவிலே காண்பார்க்கு எல்லாம் ஒன்றே போலத் தோன்றும்.

எம் கல்லூரிச் சஞ்சிகையின் ஆங்கிலப் பகுதி முழுவதையும் போதோனி எழுத்திலே கணினியில் அமைத்து மாணாக்கர் சிலர் கொணர்ந்தனர். தலைப்பு கண்ணைக் கவர்ந்தது. கட்டுரையோ இரண்டாம் பக்கத்திலேயே கண்ணைக் களைப்பித்தது. தலைப்பை அவ்வாறே விடுத்து, கட்டுரைக்குக் கோட்டு வேற்றுமை குறைந்த எழுத்தைக் கொள்ளுமாறு பணித்தேன்.

"இத்துணை அழகிய எழுத்தை ஒதுக்கலாமா, ஐயா?" என ஒருவன் வினவினான்.

"ஒதுக்கவில்லைத் தம்பி, அதற்குரிய ஆசனத்தில் இருத்துகின்றோம்" என்றேன்.

வாசகன் கண் நொந்து பக்கத்தை மூடுவானாயின், எழுதினோன் உழைப்பு அனைத்தும் வீணாம். பதிப்புப் பணியில் இறங்கும் இளைஞர் இதனை மனங்கொள்வாராக.