பிள்ளை முதலில் எந்த மொழியில் சொல்கிறது?

தனியார் பாடசாலை விளம்பரங்களில் இப்போது இரண்டு சொற்கள் சேர்ந்தே வருகின்றன: ‘இருமொழிக் கல்வி’, ‘அனுபவவழிக் கற்றல்’. புத்தளம் மாவட்டத்து முந்தலிலிருந்து சிலாபத்துக்கோ புத்தளத்துக்கோ வானில் பிள்ளையை அனுப்பலாமா என்று கணக்குப் பார்க்கும் பெற்றோர் கட்டணத்தைக் கேட்கிறார்கள், ஆங்கிலம் எப்படி என்று கேட்கிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்கும் வகுப்பறையில் என்ன பொருள் என்று கேட்பவர் குறைவு.

அனுபவவழிக் கற்றல் என்றதும் பலருக்கு நினைவு வருவது சுற்றுலா. பஸ்ஸில் போய், பார்த்து, படம் எடுத்துத் திரும்புவது. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்று அமெரிக்கக் கல்வியாளர் ஜோன் டூயி 1938இலேயே எச்சரித்தார். இன்னோர் அமெரிக்கக் கல்வியாளரான டேவிட் கோல்ப் 1984இல் அனுபவவழிக் கற்றலை நான்கு படிகளாக வகுத்தார். ஒன்றைச் செய்வது, செய்ததைத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, அதிலிருந்து பொதுவான ஒரு கருத்தை எடுப்பது, அந்தக் கருத்தை வேறோர் இடத்தில் சோதிப்பது. பல பாடசாலைகளில் முதற்படியோடு மணி அடித்துவிடுகிறது.

முந்தலில் இதற்குத் தூரம் போகத் தேவையில்லை. மூன்று போத்தல் தண்ணீர் போதும்: வீட்டுக் கிணற்றில் ஒன்று, களப்பில் ஒன்று, உடப்புக் கடற்கரையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றரை அளந்து, அகன்ற தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைக்கவேண்டும். தண்ணீர் வற்றி முடிய, மிஞ்சியதை நிறுக்கவேண்டும். கடல்நீர்த் தட்டில் ஏறக்குறைய 35 கிராம் இருக்கும். களப்புத் தண்ணீரின் கணக்கு மழைக்காலத்தில் ஒன்று, வெயில் காலத்தில் ஒன்று. அதைப் பிள்ளைதான் அளந்து ஆசிரியருக்குச் சொல்லவேண்டும்.

நாள்தோறும் தட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் இன்னும் விசயம் இருக்கிறது. கடல்நீர் வற்றும்போது முதலில் படிவது சுண்ணாம்பு, அடுத்தது ஜிப்சம். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே கறியுப்பு கட்டத் தொடங்கும். கடைசியாக மிஞ்சும் தண்ணீரில் மக்னீசிய உப்புகள் தங்கியிருப்பதால் அது கசக்கும். உப்பளத்தில் அந்தக் கடைசித் தண்ணீரை ஏன் வடித்துவிடுகிறார்கள் என்பதைப் பிள்ளை இப்போது தானே சொல்லிவிடும். ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லீற்றர் கடல்நீர் வேண்டும் என்றால் அது கணிதம். இறால் பண்ணைக்காரர் ஏன் அடிக்கடி தண்ணீரின் உப்பை அளக்கிறார் என்று போய்க் கேட்டால் அது நான்காவது படி.

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. இரண்டாம் படியில் பிள்ளை தான் கண்டதைச் சொல்லவேண்டும். “டீச்சர், ஓரத்திலதான் முதல்ல உப்புக் கட்டுது” என்று ஒரு பிள்ளை சொன்னால், அது உண்மையான அவதானிப்பு. இதை ஆங்கிலத்தில்தான் சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டால், அதே பிள்ளை ‘சோல்ட் இஸ் வைற்’ என்று முடித்துக்கொள்ளும். கண்டது பெரிது, சொல்ல முடிந்தது மூன்றே சொல். ஆகவே கண்டதை வீட்டு மொழியில் கொட்டவிட்டு, கருத்து பிடிபட்ட பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பதே முறை. ஆவியாதல் என்னவென்று தட்டில் பார்த்தவனுக்கு ‘எவப்பரேஷன்’ ஒரு நாளில் மனதில் நிற்கும்.

இலங்கையில் இந்த வரிசை புதிதல்ல. 1945இல் இலவசக் கல்வியோடு ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு வந்தன. 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவிலும், அதையடுத்துத் தரம் 6 முதல் தெரிவுசெய்த சில பாடங்களிலும் ஆங்கில மொழிமூலம் திரும்ப நுழைந்தது. அரச பாடசாலைகளில் ‘இருமொழிக் கல்வி’ என்பது இதைத்தான். தனியார் துறையின் கதை வேறு. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. அதனால் பின்னர் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகவே பதிவாகின. பாடத்திட்டம் எது, ஆசிரியரின் தகுதி என்ன என்பதைப் பெற்றோரே விசாரித்தறிய வேண்டியிருக்கிறது.

நல்ல முன்மாதிரி ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. திருவண்ணாமலைக்கு அருகே 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் பாடமொழிகள். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூர், வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். தோட்டமும் கைத்தொழிலும் மலையில் மரம் வளர்ப்பதும் பாடத்தோடு சேர்ந்தவை. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே தமிழ் தேவைப்படுகிறது. இரண்டு மொழிக்கும் வேலை இருந்தால்தான் இரண்டும் வளரும்.

நமது கரைக்கு இது வெறும் பேச்சல்ல. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை, பாடசாலை மொழி தமிழிலிருந்து சிங்களமாக மாறியதும் வீட்டு மொழியும் மாறிப்போன குடும்பங்கள் பல.

ஆகவே சேர்க்கைப் படிவம் நிரப்புமுன், வகுப்பிலுள்ள நாலைந்து பிள்ளைகளின் கொப்பிகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லாக் கொப்பியிலும் ஒரே மூன்று ஆங்கில வசனம் இருந்தால், அது ஆசிரியர் சொல்லி எழுதியது. ஒன்றில் அடித்துத் திருத்திய எண்களும், இன்னொன்றில் ஓரத்தில் உப்புக் கட்டிய தட்டின் படமும், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் குறிப்புகளும் இருந்தால், கட்டணத்தைப் பற்றிப் பேச உட்காரலாம்.