முடியளவு வேறுபாடு: பழைய பிரெஞ்சு மிதிவண்டியின் புரிகள்

பிரான்சு நாட்டில் ஒரு வீட்டின் கொட்டகையில் ஐம்பது ஆண்டுகளாகக் கிடந்த மிதிவண்டி ஒன்றை உங்களிடம் ஒப்படைத்து, "இதை மறுபடியும் ஓட வையுங்கள்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? துருவைத் துடைப்பீர்கள், எண்ணெய் இடுவீர்கள், தேய்ந்த பாகங்களைக் கழற்றிவிட்டுப் புதியன வாங்கிப் பொருத்த முனைவீர்கள். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. புதிய பாகம் இரண்டு சுற்று இலேசாகத் திரும்பும். மூன்றாம் சுற்றில் இறுகும். "துருவாக இருக்கும்" என்று எண்ணி ஸ்பானரை அழுத்தித் திருகினீர்களானால், உள்ளே உள்ள புரிகள் நசுங்கிப் போகும். அரை நூற்றாண்டு தாங்கிய ஒரு பாகம் அரை நிமிடத்தில் பாழாகிவிடும். அதே பாகம் இன்று கடையில் எளிதில் கிடைப்பதும் இல்லை.

குற்றம் துருவினுடையதன்று. அளவினுடையது.

இரண்டு நாடுகள், இரண்டு அளவுகள்

மீட்டர் அளவு முறையைச் சட்டமாக்கிய நாடு பிரான்சு, ஆண்டு 1795. ஆங்கிலேயரோ அங்குலத்தை விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு நாடுகளிலும் மிதிவண்டித் தொழில் வளர்ந்தபோது, அவரவர் தம் அளவிலேயே புரிகளை வெட்டினர்.

பள்ளிக்கூடத்தில் திருகு அளவியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதன் தலையை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் திருகு எவ்வளவு தூரம் முன்னேறுகிறதோ, அதுவே புரியிடைத் தூரம். பிரெஞ்சு மிதிவண்டியின் முக்கியப் புரிகள் பலவற்றில் இத்தூரம் சரியாக 1 மி.மீ. ஆங்கில முறையில் ஓர் அங்குலத்துக்கு 24 புரிகள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகையால், 24ஆல் வகுத்தால் 1.058 மி.மீ. வருகிறது. வேறுபாடு 0.058 மி.மீ.; ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்!

சில பாகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராங்க் அச்சைத் தாங்கும் கிண்ணம், அதாவது கடைக்காரர் சொல்லும் 'கப்': பிரெஞ்சு 35 மி.மீ. விட்டம், புரியிடை 1 மி.மீ.; ஆங்கிலம் 1.37 அங்குலம் (34.8 மி.மீ.), அங்குலத்துக்கு 24 புரி.

பிரீவீல்: பிரெஞ்சு 34.7 மி.மீ., புரியிடை 1 மி.மீ.; ஆங்கிலம் 1.37 அங்குலம், 24 புரி.

முன் போர்க்கின் தலைப்புரி: பிரெஞ்சு 25 மி.மீ., புரியிடை 1 மி.மீ.; ஆங்கிலம் 1 அங்குலம், 24 புரி.

பெடல்: பிரெஞ்சு 14 மி.மீ., புரியிடை 1.25 மி.மீ.; ஆங்கிலம் 9/16 அங்குலம் (14.29 மி.மீ.), 20 புரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீட்டரைப் பெற்றெடுத்த பிரான்சிலும் மிதிவண்டிச் செயினின் கண்ணியிடைத் தூரம் அரை அங்குலந்தான்!

பெயர் சொல்வது என்ன?

முதலில் பாகங்களின் மேல் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். 1970ஆம் ஆண்டையொட்டிய பியூஜோ பி.எக்ஸ்.-10 பந்தய வண்டி என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கில் 'மாஃபாக்' என்றிருக்கும். அது கிளெர்மோன்-பெரான் நகரத்துத் தயாரிப்பு. கியர் மாற்றியில் 'சிம்ப்ளெக்ஸ்' என்றிருக்கும். அது திஜோன் நகரத்தது. கிராங்கில் 'ஸ்ட்ராங்லைட்' என்றிருக்கும். அது சேன்-எத்தியேன் நகரத்தது. பெடல் அச்சின் முனையில் D என்ற எழுத்து இருந்தால் வலப்புறம் (துருவாத்), G என்றால் இடப்புறம் (கோஷ்).

ஒரு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் பாகம் காந்தத்தில் ஒட்டினால் குரோமியம் பூசிய எஃகு; ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியப் புரி மென்மையானது. அங்கே இருமடங்கு எச்சரிக்கை தேவை. 1960களிலிருந்து வந்த சிம்ப்ளெக்ஸ் கியர் மாற்றிகள் பலவற்றில் டெல்ரின் என்னும் பிளாஸ்டிக் உண்டு. வயதாக ஆக அது விரிசல் விடும்.

ஆனால் பெயர் பாதி விடைதான். மீதி விடையைப் புரியிடமே கேட்க வேண்டும்.

புரியை அளப்பது எப்படி?

கழற்றிய கப்பின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். பல வேளைகளில் அளவு அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். 35×1 என்றால் பிரெஞ்சு, 1.37×24 என்றால் ஆங்கிலம்; 36×24 என்றால் இத்தாலி. இத்தாலியர் விட்டத்தை மி.மீ.யிலும் புரியை அங்குலத்திலும் வைத்துக்கொண்டனர்!

எழுத்து தேய்ந்திருந்தால் வெர்னியர் அளவியால் வெளிவிட்டத்தை அளக்கலாம். ஆயினும் விட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். வெட்டிய புரி, குறித்த அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 34.8 மி.மீ. என்று வந்தால் அது தேய்ந்த பிரெஞ்சுப் புரியா, புதிய ஆங்கிலப் புரியா? சொல்ல இயலாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அளவு தெரிந்த ஒரு கப்பை எடுத்து, இரண்டின் புரிகளையும் பற்களைப் போல ஒன்றோடொன்று கோத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புரியிடை ஒன்றானால் முழுவதும் சீராகப் பொருந்தும். வேறானால், எட்டுப் புரிகள் தாண்டுவதற்குள் 8 × 0.058 = 0.46 மி.மீ. விலகி, மேடு மேட்டின் மேல் ஏறி நிற்கும். இடுக்கில் ஒளி தெரியும். சிறு வேறுபாட்டைப் பலமுறை கூட்டிக் கண்ணுக்குக் காட்டும் இந்த உத்திதான் வெர்னியர் அளவியின் தத்துவமும்.

இறுகும் தவறும் தளரும் தவறும்

மூன்றாம் சுற்றில் பாகம் ஏன் இறுகியது என்று இப்போது விளங்கும். நாலு சுற்றில் விலகல் கால் மி.மீ.யை நெருங்குகிறது. அதற்கு மேல் திருப்பினால் உலோகம் உலோகத்தை வெட்டும்.

இறுக்கமாவது எச்சரிக்கை தருகிறது. தளர்வோ ஏமாற்றிவிடும். பிரெஞ்சுப் பெடலை ஆங்கிலக் கிராங்கில் மாட்டினால் எளிதாக உள்ளே போகும். ஏனெனில் விட்டம் 0.29 மி.மீ. குறைவு, புரியிடையோ ஏறக்குறைய ஒன்று. ஆனால் பிடிப்பு போதாது. மிதிக்க மிதிக்கப் புரி அழிந்து பெடல் கழன்றுவிடலாம். கிராங்கைக் கழற்றும் புல்லரும் அப்படியே. பொதுவான அளவு 22 மி.மீ.; டி.ஏ. கிராங்குக்கு 23, பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. சிறிய புல்லர் பெரிய புரியில் நுழைந்து நிற்பதுபோல் தோன்றும். பலமாக இழுத்தவுடன் மெல்லிய அலுமினியப் புரியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பிறகு அக்கிராங்கைச் சேதமின்றிக் கழற்றுவது கடினம்.

வலமா, இடமா?

ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் ஒரு கேள்வி. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பென்சிலைக் கைமுட்டிக்குள் தளர்வாகப் பிடித்து, வெளியே நீட்டிய முனையை வலஞ்சுழியாக வட்டமிடச் செய்யுங்கள். முட்டிக்குள் பென்சில் இடஞ்சுழியாக உருளுவதை உணர்வீர்கள்.

கிராங்க் அச்சிலும் இதுவே நிகழ்கிறது. வலப்புறமிருந்து பார்த்தால் அச்சு வலஞ்சுழியாகச் சுழலுகிறது. இரும்புக் குண்டுகள் அழுத்தும் இடமும் அதே திசையில் சுற்றி வருகிறது. கப் அதற்கு எதிர்த்திசையில் சிறிது சிறிதாக நகர முற்படுகிறது. சாதாரண வலப்புரியாக இருந்தால் அது தளரும் திசையாகும். ஆகவே ஆங்கிலேயர் வலப்பக்கக் கப்புக்கு இடப்புரி வெட்டினர். பிரெஞ்சுக்காரர் இரு பக்கமும் வலப்புரியே வைத்தனர்; மிக இறுக்கமாக முடுக்கினால்தான் அது நிற்கும். சுவிட்சர்லாந்து முறையில் அளவு பிரெஞ்சு, வலப்பக்கத் திசை ஆங்கிலம்! மோட்டோபெக்கான் என்னும் பிரெஞ்சு வண்டிகள் சிலவற்றிலும் இம்முறை உண்டு. திசை அறியாமல் நெம்புகோல் போட்டால், கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஊகம் வேண்டா

1980களில் பிரெஞ்சு நிறுவனங்கள் படிப்படியாக ஆங்கில அளவுக்கு மாறின. அக்கால வண்டி ஒன்றிலேயே இரு முறைகளும் கலந்திருக்கக்கூடும். அதற்கு முன்பிருந்த சொந்தக்காரர் எவரேனும் கிராங்கின் பெடல் துளையை ஆங்கிலப் புரிக்கு மாற்றி வெட்டியிருக்கவும் கூடும். ஆகையால் "பிரெஞ்சு வண்டி, எனவே பிரெஞ்சுப் புரி" என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன்பின் ஸ்பானரை எடுங்கள். கையால் திருப்பும்போதே சில சுற்றுகள் தடையின்றிப் போகாத பாகத்தை ஸ்பானரால் திருப்பாதீர்கள். தடையின்றிப் போனாலும், ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

அளப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். அழிந்த புரியை மீட்க அந்தப் பத்து நிமிடம் திரும்பி வராது.