கால் நடந்தால் குடல் நடக்கும்



முவைலாவில் பின்னேரம் எந்த வீட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பிள்ளை டேப்லட்டுடன் சோபாவில். அம்மா கைத்தொலைபேசியில். துபாயிலிருந்து வாகன நெரிசலில் ஊர்ந்து வந்த அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் யாரைக் குறை சொல்வது?

அண்மையில் ஒரு தாய் தன் பத்து வயது மகனை அழைத்து வந்தார். "டொக்டர், நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வெளிக்குப் போறான். நல்ல பக்டீரியா மாத்திரை எழுதித் தாங்கோ."

"மகன் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறார்?" என்று கேட்டேன். "லிப்டில் இறங்கி ஸ்கூல் பஸ்ஸுக்குப் போவான்" என்றார்.

குடலில் என்ன நடக்கிறது?

நமது பெருங்குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் கலங்களுக்கு இதுவே முக்கிய உணவு.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் செய்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கவனிக்கத்தக்கது. உட்கார்ந்தே பழகிய 32 பேர், உணவுப் பழக்கத்தை மாற்றாமல், வாரம் மூன்று நாள் 30 முதல் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள். ஆறு வாரத்தில் பியூட்டிரேட் உண்டாக்கும் பக்டீரியாக்கள் கூடின. மெலிந்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது, பருமனானவர்களிடம் குறைவு. பின்னர் ஆறு வாரம் பழையபடி உட்கார்ந்ததும், கிடைத்த நன்மை பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே ஒரு மாத உற்சாகம் போதாது.

திரை நேரடியாகப் பக்டீரியாவைக் கொல்வதில்லை. ஆனால் அது அசையாமல் இருத்தல், அறியாமல் கொறிக்கும் சிப்ஸ், பிந்திய தூக்கம் ஆகிய மூன்றையும் வீட்டுக்குள் கூட்டி வருகிறது.

நாம் செய்யக்கூடியவை

• பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது உடலசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடையில் மால், கட்டடத்தின் நடைவழி, மாடிப்படி போதும்.
• ஷார்ஜாவில் 2022 முதல் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் விடுமுறை. குளிர்காலத்திலாவது ஒரு பின்னேரத்தைப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள்.
• சாப்பாட்டு மேசையில் திரை வேண்டாம்.
• கீரை, பருப்பு, குரக்கன், பழங்கள், மோர் சேருங்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.
• மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை நீங்களாக விழுங்காதீர்கள். அது நல்ல பக்டீரியாவையும் அழிக்கும்.
• மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், தொடர் வாந்தி இருந்தால் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் ஒரு குடம் தண்ணீருக்கும் நடந்தோம். அந்த வாழ்க்கை எவருக்கும் வேண்டாம். ஆனால் நடக்கத் தேவையில்லாத வசதி வந்தபின், நாற்காலியிலேயே இருந்து எடை கூடியவர்களில் நானும் ஒருவன். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மனைவியுடன் நடக்கிறேன்.

அந்தச் சிறுவனுக்கு மலம் இளக ஒரு மருந்தும், அம்மாவுடன் தினசரி நடையும் எழுதிக் கொடுத்தேன். பக்டீரியா மாத்திரை எழுதவில்லை. ஆறு வாரத்தின் பின் வந்தபோது வயிற்றுவலி இல்லை. "அம்மாதான் மெதுவாக நடக்கிறா" என்பதுதான் அவனுடைய ஒரே முறைப்பாடு.